வண்டி வந்து சேரும்வரை: பேரிடர்த் திட்டம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பேரிடர் மேலாண்மைத் திட்டங்களை எழுதுகிற, திருத்துகிற, கடைசியில் கையெழுத்துப் போடுகிற எல்லா அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நீங்கள் எந்த நாட்டில், எந்த அலுவலகத்தில் இருந்தாலும் இது உங்களுக்குத்தான். நான் ஒரு தெருவில் குடியிருக்கிற ஆள், அதற்கு மேல் எந்தப் பதவியும் கிடையாது. தண்ணீர் ஏறியபோதும், நோய் பரவி எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டபோதும் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து அலைந்ததில் கொஞ்சம் அனுபவம் உண்டு. அப்புறம் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்ததில் கொஞ்சம் கோபமும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், எங்காவது குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொதுவில் கிடைக்கிற திட்ட அறிக்கைகள் சிலவற்றை உட்கார்ந்து வாசித்தேன். உழைப்பு தெரிகிறது, மறுக்கவில்லை. எந்தத் துறைக்கு என்ன பொறுப்பு, எத்தனை படகு, எத்தனை பம்ப்செட், எந்தப் பள்ளிக்கூடம் முகாமாக மாறும், யார் யாருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், எல்லாம் இருக்கிறது. குடியிருப்பவர்கள் இரண்டே இடத்தில்தான் வருகிறார்கள். ஒன்று, ‘பாதிப்புக்கு உள்ளாகக்கூடியோர்’ என்ற அட்டவணையில், எண்ணிக்கையாக. இன்னொன்று, ‘பொதுமக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்’ என்ற அந்த வழக்கமான வரியில். மீட்பது நீங்கள், மீட்கப்படுவது நாங்கள் என்று கோடு கிழித்துவிட்டீர்கள். அந்தக் கோடு இதுவரை நடந்த எதோடும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் என் புகார். முதல் சில மணி நேரத்துக்கு, சில சமயம் முதல் சில நாட்களுக்கும், ஆளைத் தூக்குவதும் சேதி சொல்வதும் தண்ணீர் கொண்டு போவதும் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவரையும் கணக்கில் சேர்த்துத் திட்டத்தை எழுதுங்கள், அதே சமயம் அவரை உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிற ஆளாக மாற்றிவிடாதீர்கள். கேட்க வந்தது இவ்வளவுதான். ஆனால் இதைச் சும்மா சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, அதனால் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

ஜப்பானின் கோபே நகரத்தை எடுத்துக்கொள்வோம். 1995 ஜனவரி 17, அதிகாலை 5:46. நிலநடுக்கத்தோடு வாழப் பழகிய நாடு, பயிற்சி பெற்ற தீயணைப்புப் படை, எதற்கும் குறைவில்லை. இருந்தும் 6,400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இடிபாடுகளில் சிக்கி, பிறர் கைகொடுத்து வெளியே வந்தவர்கள் சுமார் 35,000 பேர் என்று பின்னால் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதில் ஏறத்தாழ 27,000 பேரை வெளியே எடுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும். தீயணைப்பு, காவல், தற்காப்புப் படை எல்லாம் சேர்ந்து எடுத்தது சுமார் 8,000 பேர். படைகள் சோம்பேறிகள் என்று நான் சொல்லவில்லை. ஒரே நிமிடத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் விழுந்தால், சாலைகள் அடைபட்டால், எந்த ஊரில் அத்தனை வண்டி இருக்கும்? வாசலில் நிற்கிறவன் கார் ஜாக்கியையும் ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு ஓடுகிறான், வேறு வழியே இல்லை.

அதே நிலநடுக்கத்தில், மையத்துக்கு மிக அருகே இருந்த அவாஜித் தீவில் ஹொகுதான் என்று ஒரு சிற்றூர். வீடுகள் கொத்துக் கொத்தாக விழுந்தன. உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவினரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து சுமார் 300 பேரை வெளியே எடுத்தார்கள். அன்று மாலைக்குள் காணாமல் போனவர் என்று ஒருவர்கூட மிச்சமில்லை, உயிரோடோ பிணமாகவோ எல்லோருக்கும் கணக்குத் தெரிந்துவிட்டது. பெரிய நகரத்தில் நாள்கணக்கில் தேடிக்கொண்டிருந்தபோது இந்தச் சிற்றூரில் எப்படி முடிந்தது? எந்த வீட்டில் பாட்டி எந்த அறையில் படுப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். கூரை மொத்தமும் தரையோடு தரையாகக் கிடக்கும்போது எங்கே தோண்ட வேண்டும் என்பதுதான் உயிர் போகிற கேள்வி. அதற்கான விடை உங்கள் எந்தக் கணினியிலும் இல்லை, தினமும் அந்த வீட்டுக்குள் போய் வருகிற ஒருவரின் தலைக்குள் இருக்கிறது.

மெக்சிகோ நகரத்தில் 1985 செப்டம்பர் 19 காலை நிலநடுக்கம் வந்தபோது நடந்ததும் கிட்டத்தட்ட இதே கதை, ஆனால் அதில் இன்னொரு பாடமும் உண்டு. அரசு திகைத்து நின்றது, ராணுவம் வந்து பல இடங்களில் சுற்றிலும் காவல் போட்டு நின்றது, உள்ளே நுழைந்து கல்லைப் புரட்டியது இளைஞர்களும் தொழிலாளர்களும்தான். பயிற்சி இல்லாத அந்தத் தன்னார்வலர்கள் சுமார் 800 பேரைக் காப்பாற்றினார்கள், அந்த முயற்சியில் 100 பேர் தங்கள் உயிரையே விட்டார்கள் என்று அமெரிக்காவின் குடியிருப்போர் பயிற்சிப் பாடங்களில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அந்தப் பயிற்சியைத் தொடங்கிவைத்தது லாஸ் ஏஞ்சலிஸ் தீயணைப்புத் துறை. மக்கள் எப்படியும் இறங்கத்தான் போகிறார்கள், அப்படியானால் சாகாமல் இறங்கக் கற்றுக்கொடுப்போம் என்று யோசித்தார்கள் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த அரசாங்க யோசனை அது. 32 ஆண்டு கழித்து, 2017-ல், அதே செப்டம்பர் 19-ம் தேதி அந்த நகரம் மறுபடி குலுங்கியது. இடிபாட்டின் மேல் நிற்கிற ஒருவர் கையை மடக்கி மேலே தூக்குவார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் என்று தெருமுனைவரை கைகள் உயரும். வாளி கைமாறுவது நிற்கும், இயந்திரம் நிற்கும், பேச்சு நிற்கும். அடியில் யாராவது முனகுகிறார்களா என்று கேட்பதற்காக நூற்றுக்கணக்கானவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கும்பல் என்று உங்கள் கோப்புகள் எழுதுவது இவர்களைத்தான்.

கும்பல் என்றதும் உங்கள் பெரிய பயம் நினைவுக்கு வருகிறது. மக்கள் பதறி ஓடுவார்கள், கடையை உடைப்பார்கள், ஒருவரையொருவர் மிதிப்பார்கள், அதனால் முதலில் கட்டுப்பாடு, பிறகுதான் உதவி. இந்தப் பயத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1963-ல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேரிடர் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது, பின்னால் அது டெலாவேர் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. பனிப்போர்க் காலம். அணுகுண்டு விழுந்தால் ஜனங்கள் எப்படிச் சிதறுவார்கள் என்ற கவலையில் குடிமைப் பாதுகாப்புத் துறையும் அதற்குப் பணம் கொடுத்தது. ஆய்வாளர்கள் வெள்ளம், புயல், வெடிவிபத்து என்று இடம் இடமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். பீதி அரிது, கொள்ளையும் பெரும்பாலும் அரிது. ஆட்கள் ஓடுவதைவிட இடத்தை நோக்கி வருவதுதான் அதிகம், வந்து குவிகிற உதவியைச் சமாளிப்பதுதான் நிர்வாகத்துக்குப் பெரிய தலைவலி. அறுபது ஆண்டு ஆகிறது. இன்னமும் திட்டத்தின் முதல் அத்தியாயம் சட்டம் ஒழுங்குதான்.

அந்தப் பயம் ஆளைக் கொல்லும் என்பதற்கு 2005-ல் நியூ ஆர்லியன்ஸ் இருக்கிறது. கத்ரீனா புயலுக்குப் பிறகு நகரம் தண்ணீரில் மிதக்கிறது, மக்கள் கூரைமேல் உட்கார்ந்து துணியை வீசுகிறார்கள், கொள்ளை நடக்கிறது என்ற செய்திகளைக் கேட்டுவிட்டு மேயர் சுமார் 1,500 போலீசாரை மீட்பு வேலையிலிருந்து திருப்பிக் கொள்ளையைத் தடுக்க அனுப்பினார். ஆயிரக்கணக்கானோர் தங்கியிருந்த விளையாட்டரங்கில் கொலைகளும் கொடுமைகளும் நடந்ததாக உலகம் முழுக்கச் செய்தி போனது. கடைசியில் அந்த அரங்கிலிருந்து எடுத்தது 6 உடல்கள், அவற்றில் ஒன்றுகூடக் கொலை இல்லை. ஆனால் அந்த வாரம் டான்சிகர் பாலத்தின் மேல் நிராயுதபாணிகளாக நடந்து போன குடும்பத்தார் மீது போலீசாரே சுட்டார்கள், இரண்டு பேர் இறந்தார்கள், வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து அதிகாரிகள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். வதந்தியை நம்பியது ஜனங்கள் மட்டும் அல்ல, மேலே இருந்தவர்களும்தான்.

இதற்கு முந்தைய கதை ஒன்றும் இருக்கிறது. 1940 செப்டம்பரில் லண்டன்மேல் குண்டு விழத் தொடங்கியபோது சுரங்க ரயில் நிலையங்களில் மக்களை ஒண்ட விடக்கூடாது என்பதுதான் அரசின் கொள்கை. உள்ளே போனவர்கள் வெளியே வரவே மாட்டார்கள், வேலைக்குப் போக மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஜனங்கள் சண்டைக்கெல்லாம் போகவில்லை. சாயங்காலம் டிக்கெட் வாங்கிக்கொண்டு பாயும் போர்வையுமாக இறங்கினார்கள், அப்படியே நடைமேடையில் படுத்துக்கொண்டார்கள். காலையில் எழுந்து வேலைக்குப் போனார்கள். அரசு வேறு வழியில்லாமல் இறங்கி வந்து, கட்டிலும் கழிப்பறையும் போட்டுக் கொடுத்தது. தடுத்தபோது தொல்லையாகத் தெரிந்தவர்கள், வசதி செய்து கொடுத்ததும் தங்களுக்குள் குழு வைத்து ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். அக்கம்பக்கத்தார் என்ன தேவர்களா? இல்லை. இந்த விஷயத்தில் இனிக்க இனிக்க எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கும் எரிச்சல்தான். 1923 செப்டம்பர் 1-ம் தேதி தோக்கியோவையும் யோகோஹாமாவையும் நிலநடுக்கமும் தீயும் அழித்தன, ஒரு லட்சத்துக்கும் மேலானோர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் கொரியர்கள் தீ வைக்கிறார்கள், கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி பரவி, தெருத் தெருவாகக் காவல் குழு வைத்துக்கொண்ட அதே அக்கம்பக்கத்தார்தான் ஆயிரக்கணக்கான கொரியர்களை அடித்துக் கொன்றார்கள். இதை மறைத்துவிட்டு நான் உங்களிடம் எதையும் கேட்க முடியாது. ஆனால் முழுவதையும் பார்க்க வேண்டும் அல்லவா? கொரியர்கள் தீ வைப்பதாக மாகாணங்களுக்குத் தந்தி அனுப்பியது உள்துறை அமைச்சகம். வதந்திக்கு அரசு முத்திரை குத்திய பிறகு தடியை எடுக்க யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

அவ்வளவு கொடூரம் இல்லாமல், சத்தமே இல்லாமல் நடக்கிற ஒதுக்கலும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஊர்ப் பஞ்சாயத்துகள் கொடுத்த பட்டியல்படி நிவாரணம் போனது. வேலை வேகமாக நடந்தது, ஊர் ஒற்றுமையாக இருந்தது. அந்த ஒற்றுமைக்கு வெளியே இருந்த தலித்துகளும், துணையில்லாத பெண்களும் பல இடங்களில் பட்டியலிலேயே இல்லை என்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ‘நம்மவர்’ என்பது எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சுலபமாக ஒருவரை வெளியே தள்ளிவிடும். ஆகவே அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும், தெருவே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொல்ல மாட்டேன். விடுபட்டவர் யார் என்று வந்து பார்க்கிற வேலை உங்களுடையது. வாடகைக்கு இருப்பவர், வேறு மொழி பேசுகிறவர், தெருவே பேசாமல் ஒதுக்கி வைத்திருக்கிற அந்த ஒரு வீடு. தெருவின் பட்டியலில் இல்லாதவர்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள், அதை நாங்கள் நன்றாகச் செய்வதில்லை.

நாங்கள் நன்றாகச் செய்வது வேறு. ஒரு சாதாரண கோடு போட்ட நோட்டு, அதில் வீட்டு எண் வாரியாகச் சில தகவல்கள். மாடிப்படி இறங்க முடியாதவர் யார், ஃப்ரிட்ஜில் இன்சுலின் வைத்திருப்பவர் யார், மின்சாரம் போனால் நின்றுவிடுகிற மூச்சுக் கருவி எந்த வீட்டில், மாற்றுச் சாவி யாரிடம், காது கேட்காததால் கதவைத் தட்டிப் பயனில்லாதவர் யார். முதலில் இதையெல்லாம் எழுதி வாங்கவே முடியவில்லை. ‘ஏதாவது உதவி வேண்டுமா?’ என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: ‘ஒன்றும் வேண்டாம், நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.’ வீட்டில் மாத்திரை தீர்ந்திருக்கும், சொல்ல மாட்டார்கள். ‘நான் மருந்துக் கடைக்குத்தான் போகிறேன், உங்கள் சீட்டையும் கொடுங்கள்’ என்று கேட்டால் உடனே உள்ளே போய் எடுத்து வருவார்கள். கை நீட்டுவது யாருக்கும் பிடிக்காது, போகிறவரிடம் சொல்லி அனுப்புவதில் கூச்சம் இல்லை. உங்கள் உதவி எண்ணுக்கு ஏன் அழைப்பே வருவதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? பாதி காரணம் இதுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். வாங்குகிறவர் வெறுமனே வாங்குகிறவராகவே இருந்தால் மூன்றாம் நாளே முகம் வாடிவிடும், கதவைத் திறக்கத் தயங்குவார். அதனால் எல்லோருக்கும் ஏதாவது வேலை. படியிறங்க முடியாத ஒரு பெரியம்மாவிடம் காலையும் மாலையும் தனியாக இருப்பவர்களுக்குப் போன் போட்டு விசாரிக்கும் பொறுப்பு வந்தது. அவர் விசாரிக்கிற விசாரணையில் யாரும் எதையும் மறைக்க முடியாது. மருந்து இருக்கிறதா என்று கேட்க மாட்டார், மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து மீதி எத்தனை என்று எண்ணிச் சொல்லச் சொல்வார். எங்கள் குழுவிலேயே மிகத் துல்லியமான தகவல் அவரிடமிருந்துதான் வந்தது, உங்கள் அட்டவணையில் அவர் ‘பாதிப்புக்கு உள்ளாகக்கூடியோர்’. தர்மம் கொடுப்பதற்கும் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவரைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அந்த நோட்டைத் தாருங்கள், கணினியில் ஏற்றிக்கொள்கிறோம் என்று கேட்பீர்கள். தர மாட்டோம். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆவணம் சரியில்லாதவர், வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரியாமல் ஒரு உறவினரைக் கூட வைத்திருப்பவர், தன் நோய் இன்னது என்று மகனுக்கே சொல்லாதவர், இவர்கள் எல்லாம் எங்களை நம்பிச் சொன்னது அது. நோட்டு உங்களிடம் போகிறது என்று தெரிந்த அன்றே அதில் இருப்பதெல்லாம் பொய்யாகிவிடும். நோட்டு எங்களிடமே இருக்கட்டும், அதை வைத்திருக்கிற ஆளின் போன் நம்பர் உங்களிடம் இருக்கட்டும். ஆபத்து வந்தால் கூப்பிடுங்கள், எந்த மாடிக்கு ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்று சொல்கிறோம்.

இதுவரை இடிவதையும் மூழ்குவதையுமே சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தம் போடாத பேரிடரில்தான் தெருவின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். 1995 ஜூலையில் சிகாகோவில் ஒரு வாரம் கொடிய வெயில், வெப்பம் 41 டிகிரியைத் தொட்டது. வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள், பலர் பூட்டிய வீட்டில் தனியாக. எரிக் கிளினன்பர்க் என்ற சமூகவியலாளர் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல். இரண்டிலும் ஏழைகள், இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள் கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் இறப்பு விகிதம் வடக்கில் லட்சத்துக்கு 40, தெற்கில் லட்சத்துக்கு 4. தெற்கில் தெருவில் கடை இருந்தது, நடமாட்டம் இருந்தது, வயதானவர்கள் வெளியே வந்து போனார்கள், ஒருநாள் காணோம் என்றால் யாராவது கேட்பார்கள். வடக்கில் தொழிற்சாலைகள் மூடி, கடைகள் காலியாகி, வெற்று மனைகளும் பயமுமாக இருந்தது, கிழவர்கள் கதவைத் திறக்கவே அஞ்சினார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் மனசு கெட்டவர்கள் என்றா அர்த்தம்? இல்லை, அக்கம்பக்கம் என்று ஒன்று உருவாவதற்கான இடமே அங்கே அழிந்துபோயிருந்தது. அதைச் செய்வதும் தடுப்பதும் உங்கள் கையில். தெருவிளக்கு, நடைபாதை, நிழலில் ஒரு பெஞ்ச், ஓடுகிற பேருந்து, மூடாத நூலகம். இவற்றுக்கான செலவைப் பேரிடர் நிதியில் எழுதினால் தணிக்கைக்காரர் கேள்வி கேட்பார், தெரியும். கேட்கட்டும், அந்த 40-ஐயும் 4-ஐயும் காட்டுங்கள்.

நீங்கள் சரியாகச் செய்த இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்தார்கள். 600-க்கும் மேற்பட்ட படகுகள், 4,000-க்கும் அதிகமான மீனவர்கள், அவர்கள் மீட்டது சுமார் 65,000 பேர் என்று அரசே கணக்குச் சொன்னது. ஒரு மீனவர் தண்ணீருக்குள் குனிந்து தன் முதுகைப் படியாகக் கொடுக்க, பெண்கள் அதில் கால் வைத்துப் படகில் ஏறிய காட்சியை நாடே பார்த்தது. அதில் அரசின் பங்கு என்ன? லாரி, எரிபொருள், எங்கே போக வேண்டும் என்ற தகவல். படகை எப்படி ஓட்டுவது, எந்தச் சந்தில் நுழைவது என்று யாரும் அவர்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருக்கவில்லை. நான் கேட்பதும் இதைத்தான்.

இதற்கு எதிர்ப்பக்கம் பிரிட்டன். 2020 மார்ச்சில் அங்கே சுகாதாரத் துறைக்கு உதவ 2,50,000 தன்னார்வலர்கள் வேண்டும் என்று அரசு அறிவித்தது, சில நாட்களிலேயே 7,50,000 பேர் பெயர் கொடுத்தார்கள். மக்கள் மனசு எப்படி என்று அதிலேயே தெரிகிறது. ஆனால் அவர்களுக்கு வேலை ஒதுக்குகிற செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை வரும் வரும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். அதே நேரத்தில் தெருவுக்குத் தெரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, ‘நான் இன்ன வீட்டில் இருக்கிறேன், கடைக்குப் போகணும்னா சொல்லுங்க’ என்று துண்டுச் சீட்டை எதிர்வீட்டுக் கதவுக்கடியில் தள்ளியவர்கள் அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். செயலி கெட்டது என்று சொல்லவில்லை. எதிர்வீட்டுக்குப் போக ஆளைத் தலைநகரத்திலிருந்து தேட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

மறுகுடியமர்த்தலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் நல்ல எண்ணத்தாலேயே கெடுதல் நடக்கிறது. கோபேயில் தற்காலிக வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள், முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். நியாயமான முறைதானே? ஆனால் பழைய தெருவிலிருந்து ஒவ்வொருவராகப் பிய்த்து, முன்பின் தெரியாதவர்கள் நடுவே, ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்ததாக முடிந்தது. அந்தத் தற்காலிக வீடுகளில் யாரும் அறியாமல் தனியாக இறந்து கிடந்தவர்கள் இருநூறு பேருக்கு மேல். நிலநடுக்கத்தில் பிழைத்தவர்கள் அவர்கள். ஜப்பான் அதிலிருந்து கற்றுக்கொண்டது. 2004-ல் நீகாத்தா பகுதியில் நிலநடுக்கம் வந்து யாமகோஷி கிராமமே காலி செய்யப்பட்டபோது, பழைய குடியிருப்புகளின்படியே மக்களைச் சேர்த்துக் குடிவைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அங்கேயும் பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்தார். இதற்குக் கூடுதல் செலவுகூட அதிகம் இல்லை, ஒதுக்கீட்டுப் பட்டியலை அடுக்குகிற வரிசையை மாற்றினால் போதும்.

அப்புறம், இந்த மடலைப் படித்துவிட்டு யாராவது நிதித்துறைக்காரர் ‘ஆஹா, மக்களே பார்த்துக்கொள்கிறார்கள், நாம் செலவைக் குறைக்கலாம்’ என்று குறிப்பு எழுதிவிடுவாரோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. எங்களால் வடிகால் தோண்ட முடியாது, மின்கம்பத்தை நிறுத்த முடியாது, டயாலிசிஸ் செய்ய முடியாது. ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது, கொடுக்க ஏதாவது இருக்கும் வரைதான். ஏழைத் தெருவில் எல்லோருக்கும் ஒரே நாளில் கூலி நின்றுபோனால் யார் யாருக்குக் கொடுப்பது? களைப்பும் உண்டு. முதல் வாரம் எல்லோரும் வருவார்கள், மூன்றாவது வாரம் வழக்கமான அந்த நான்கைந்து பேர்தான் மிஞ்சுவார்கள், அவர்களில் பெரும்பாலும் பெண்கள், தங்கள் வீட்டு வேலையையும் முடித்துவிட்டு வருகிறவர்கள். அந்தக் கட்டத்தில் நீங்கள் வந்து பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். பாராட்டுப் பத்திரம் வேண்டாம், தயவுசெய்து.

ஆகவே திட்டத்தை அடுத்த முறை திருத்தும்போது சிலவற்றைப் பாருங்கள். ஜாக்கி, கடப்பாரை, கயிறு, ஸ்ட்ரெச்சர், முதலுதவிப் பெட்டி எல்லாம் மாவட்டக் கிடங்கில் பூட்டிக் கிடப்பதில் பயன் இல்லை, தெருவுக்கொரு பெட்டியில் இருக்கட்டும், சாவி தெருவில் இரண்டு வீட்டில் இருக்கட்டும். காணாமல் போனால் போகட்டும், கடப்பாரை எவ்வளவு பெறும்? இரத்தப்போக்கை நிறுத்தவும், நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கவும், எரிவாயுவை அடைக்கவும், எந்த இடிபாட்டுக்குள் நுழையவே கூடாது என்று கண்டுபிடிக்கவும் கற்றுக்கொடுங்கள், மெக்சிகோவில் இறந்த அந்த 100 பேரை நினைத்தாவது. உதவி செய்யப் போய் ஏதாவது தவறிப்போனால் வழக்கு வருமோ என்று தயங்குகிறவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு எங்கெல்லாம் இல்லையோ அங்கெல்லாம் கொண்டுவாருங்கள். தண்ணீர் கேன் ஏற்றிய வண்டியைச் சோதனைச் சாவடியில் மறித்து ‘எந்த அமைப்பு, கடிதம் எங்கே’ என்று கேட்கிற வழக்கத்தை நிறுத்துங்கள். தெருவில் நாலு பேர் சேர்ந்தால் அது அமைப்பு இல்லை, பதிவு எண் இருக்காது, இருக்கவும் தேவையில்லை. வதந்தி கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் மறுத்துச் சொல்ல, மக்கள் ஏற்கெனவே நம்புகிற ஒரு குரல் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். 1923-ல் அது இல்லாமல் போனது மட்டுமா, எதிர்ப்பக்கம் நின்றது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். உங்கள் பேரிடர் ஒத்திகைகளை ஏன் எப்போதும் வேலைநாள் பகல் பதினொரு மணிக்கே வைக்கிறீர்கள்? அந்த நேரத்தில் தெருவில் பாதிப் பேர் இருப்பதில்லை, வந்து நிற்பது உங்கள் ஊழியர்களும் புகைப்படக்காரரும்தான். அடுத்த ஒத்திகையை இரவு ஒன்பது மணிக்கு வையுங்கள், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வையுங்கள், லிஃப்டை நிறுத்துங்கள். என்றைக்கு என்று ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும், நோட்டோடு கீழே வந்து நிற்கிறோம். பெரியம்மாவைப் படியில் தூக்கி இறக்க நாலு பேர் வேண்டும். எங்களிடம் மூன்று பேர் இருக்கிறார்கள், ஒருவரை நீங்கள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தெருவில் குடியிருக்கும் ஒருவர்